சீனிப் போத்தலும் நீர்ச்செடியும்

கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்போர் பலர் மீனோடு நில்லாது, நீருக்குள்ளே ஒரு சிறு தோட்டமும் அமைத்துப் பார்க்க விரும்புகின்றனர். கடையில் வாங்கும்பொழுது செடி பச்சைப்பசேலென்று இருக்கும். முதல் வாரம் குறையொன்றும் தோன்றாது. இரண்டாம் வாரத்தில் அடியிலைகள் மஞ்சளிக்கும். மூன்றாம் வாரத்திலோ தண்டு மெலிந்து, இலை வெளிறி, அதன்மேற் கறுத்த பாசி படரத் தொடங்கும். வளர்ப்பவர் வெளிச்சம் போதவில்லையென்று எண்ணி இன்னுமொரு விளக்கைப் பூட்டுவார். பசளை குறைவென்று எண்ணிப் பசளை இடுவார். செடி தேறாது, பாசிதான் தழைக்கும். பெரும்பாலும் குறை ஒளியிலும் இல்லை, பசளையிலும் இல்லை. கண்ணுக்குப் புலனாகாத ஒரு வாயுவிலே இருக்கின்றது.

பாடசாலை நூல்கள் காபனீரொட்சைட்டு என்றும், பொதுவழக்கிலே கரியமிலவாயு என்றும் கூறப்படுவது அவ்வாயு. செடியை நன்றாக உலர்த்தி நிறுத்தால், அந்த நிறையிலே பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு கரியாகும். இக்கரியைச் செடி பெறுவது மண்ணிலிருந்தன்று, வாயுவிலிருந்தே. இவ்வுண்மை முதன்முதல் வெளிப்பட்டதும் நீரில் மூழ்கிய இலைகளைக் கொண்டுதான் என்பது சுவையான செய்தி. ஒல்லாந்து நாட்டு வைத்தியரான இங்கன்ஹவுஸ் என்பவர், நீரில் மூழ்கிய பச்சையிலைகள் வெயில் படும்பொழுது மாத்திரமே பிராணவாயுக் குமிழிகளை விடுகின்றன என்று 1779ஆம் ஆண்டிலே காட்டினார். மூன்றாண்டுகளின் பின், 1782ஆம் ஆண்டில், ஜெனீவா நகரத்துப் போதகரும் நூலகருமாகிய செனபியே என்பவர் மற்றொரு புதுமையை வெளியிட்டார். கொதிக்கவைத்து ஆறிய நீரில் இட்ட இலை எவ்வளவு வெயில் பட்டாலும் குமிழி விடவில்லை. கரியமிலவாயுவைக் கரைத்த நீரில் இட்ட இலையோ குமிழிகளைத் தாராளமாக விட்டது. கொதிக்கும்பொழுது நீரிலிருந்த கரியமிலவாயு வெளியேறிவிட்டதே காரணம். இன்று நமது பாடசாலைகளில் ஐதரில்லாச் செடியைப் புனலின் கீழ் வைத்து, நீரில் அப்பச்சோடாவிட்டுக் குமிழிகளை எண்ணும் மாணவர் செய்வதும் ஏறக்குறைய இப்பரிசோதனையையே.

ஆனால், ஆற்றிலும் ஓடையிலும் நிற்கும் செடிக்கு எவரும் வாயு ஊட்டுவதில்லையே. அஃது எவ்வாறு செழிக்கின்றது? ஓடைக்கு வரும் நீரிற் பெரும்பகுதி நிலத்தினூடாக ஊறி வருவது. மண்ணிலே வேர்களும் கோடானுகோடி நுண்ணுயிர்களும் மூச்சுவிடுவதால், மண்ணினுள் இருக்கும் காற்றிலே கரியமிலவாயு மிகுந்திருக்கும். அதனூடாக ஊறிவரும் நீர் அவ்வாயுவைச் சுமந்துகொண்டு வந்து ஓடையில் விடுகின்றது. ஒருபுறம் செடி உண்ண, ஒருபுறம் காற்றோடு கலந்துபோக, மற்றொருபுறம் புதுநீர் வந்துகொண்டேயிருக்கும். கண்ணாடித் தொட்டிக்கு இத்தகைய ஊற்று இல்லை. வெளிக்காற்றோடு மாத்திரம் தொடர்புடைய நீர் ஒரு லீற்றரிலே, கரைந்திருக்கும் கரியமிலவாயு ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. அதுவும் நீரினூடே இலையைத் தேடிச் செல்லும் வேகம், காற்றினூடே செல்வதிலும் ஏறக்குறைய பதினாயிரம் மடங்கு தாழ்ந்தது. நீர்ச்செடி பசித்திருப்பதில் வியப்பில்லை.

மீன் விடும் மூச்சு செடிக்குப் போதாதா என்று சிலர் கேட்பர். இலண்டனைச் சேர்ந்த இரசாயன அறிஞர் ரொபேட் வாரிங்டன், 1850ஆம் ஆண்டளவில், பொன்மீனையும் நீர்ச்செடியையும் நத்தையையும் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் வாழவைத்து, ஒன்றின் கழிவு மற்றொன்றின் உணவாவதை விளக்கினார். அவர் கூறியது உண்மையே. மீன் சில, செடி சில, ஒளி மிதம் என்றிருக்கும் தொட்டிக்கு அதுவே போதும். இக்காலத்தவர் விரும்புவது அத்தகைய தொட்டியன்று. ஜப்பானியரான தகாஷி அமானோ (1954–2015) வழிகாட்டிய முறையைப் பின்பற்றி, நீருக்குள்ளே புல்வெளியும் சோலையும் கற்குன்றும் காட்ட முனைவோர் மிகுந்த ஒளியைப் பாய்ச்சுகின்றனர். ஒளி மிகுந்தால் பசியும் மிகும். அவ்வளவு பசியை நாலைந்து சிறுமீன்களின் மூச்சு தணிக்கமாட்டாது. செல்வமுடையோர் அழுத்தமூட்டிய வாயு உருளையும் அதற்குரிய கருவிகளும் வாங்குவர். அவ்வசதியில்லாதவருக்குக் கைகொடுப்பது வீட்டுச் சமையலறைச் சீனியும் மதுவமுமாம்.

மதுவம் என்பது கடைகளில் ஈஸ்ட் என்ற பெயரால் விற்கப்படும் நுண்ணுயிர். அதன் தொழிலை நம்மவர் நெடுங்காலமாக அறிவர். மரத்திலிருந்து இறக்கிய இனிய நீர் சில மணிநேரத்திலே நுரைத்துக் கள்ளாவதும், கள்ளு விட்டுக் கரைத்த அப்பமா பொங்கி, சட்டியில் வார்க்கும்பொழுது கண்கண்ணாகத் துளை விழுவதும் மதுவத்தின் செயலே. அத்துளைகள் கரியமிலவாயு போட்ட துளைகள். யாழ்ப்பாணத்திலே சுண்ணாம்பு தடவிய முட்டியில் இறக்கினால் அதே நீர் புளிக்காது கருப்பநீராக நின்றுவிடுகின்றது; சுண்ணாம்பின் காரத்தில் மதுவத்தினால் தொழில் செய்ய இயலாது. ஐரோப்பாவிலே ஜோசேப் பிரீஸ்ட்லி என்பவர், 1767ஆம் ஆண்டில் லீட்ஸ் நகரத்துக்குக் குடிவந்தபொழுது, அவர் வீட்டுக்கு அயலிலே மதுவடிக்கும் சாலையொன்று இருந்தது. அங்கே நொதித்துக்கொண்டிருந்த தொட்டிகளின்மேல் தேங்கிய வாயுவை அவர் ஆராய்ந்தார். அதனை நீரிற் கரைக்கும் வழியை 1772ஆம் ஆண்டில் அச்சிட்டு வெளியிட்டார். சோடாத்தண்ணீரின் வரலாறு அங்கே தொடங்குகின்றது. நொதித்தல் வெறும் இரசாயன மாற்றமன்று, உயிருள்ள மதுவத்தின் வாழ்க்கைத் தொழில் என்பதை லூயி பாஸ்டர் 1857ஆம் ஆண்டு முதல் வெளியிட்ட ஆராய்ச்சிகளிலே நிலைநாட்டினார்.

காற்றில்லாத இடத்தில் மதுவம் சீனியை உண்டு, மதுசாரமாகவும் கரியமிலவாயுவாகவும் பிரிக்கின்றது. இரண்டும் நிறையில் ஏறக்குறைய சரிபாதி. 200 கிராம் சீனி முழுவதும் நொதித்தால், வெளிவரும் வாயு 100 கிராம். அளவிலே 50 லீற்றருக்கு மேல். இந்தக் கணக்கு பின்னரும் வேண்டப்படும்.

செய்முறை எளிது. மென்பானம் வரும் இரண்டு லீற்றர்ப் பிளாஸ்ரிக் போத்தலொன்றை நன்கு கழுவி, 200 கிராம் சீனியை இட்டு, முக்காற் பங்குக்கு நீர் விட்டுக் கரைக்க வேண்டும். நீர் கைபொறுக்கும் இளஞ்சூடாக இருக்கலாம். கொதிநீராயின் மதுவம் மடிந்துவிடும். கால் தேக்கரண்டி உலர்மதுவத்தைத் தனியே சிறிது இளஞ்சூட்டு நீரில் ஊறவிட்டுச் சேர்ப்பது நலம். அரைத் தேக்கரண்டி அப்பச்சோடாவும் இடுவதுண்டு. நொதிக்கும்பொழுது நீர் புளித்துப்போவதை அது சிறிது தடுக்கும். நல்லதென்று கைநிறைய அள்ளிப் போட்டால், சுண்ணாம்பு முட்டியின் கதைதான் நிகழும். மேலே வெற்றிடம் இருக்க வேண்டும், நுரை பொங்குமாதலின்.

மதுவத்தைக் கூட்டினால் வாயு கூடும் என்று பலர் எண்ணுகின்றனர். வாயுவின் மொத்த அளவு சீனியைப் பொறுத்தது. மதுவத்தைக் கூட்டினால் அது விரைவில் வந்து விரைவில் தீரும், அவ்வளவே. சீனியைக் கூட்டினாலும் ஓர் எல்லையுண்டு. மதுசாரம் நூற்றுக்குப் பன்னிரண்டு, பதினான்கு என்ற அளவை எட்டும்பொழுது அப்பத்துக்கு உதவும் மதுவம் தன் கழிவிலே தானே மாண்டுபோகும். மேற்கூறிய அளவுகள் அவ்வெல்லைக்குள் அடங்குபவை. கொழும்பு, யாழ்ப்பாணம் போன்ற வெப்பமான இடங்களில் இப்போத்தல் இரண்டு வாரமளவில் ஓய்ந்துவிடும். நுவரெலியாக் குளிரிலே மெதுவாகவும் கூடிய நாட்களுக்கும் நடக்கும். சீனிநீரை ஜெலற்றினோடு அல்லது கடற்பாசியோடு காய்ச்சி உறையவைத்து, அதன்மேல் மதுவநீரை விடுவோருமுளர். உறைந்த சீனியை மதுவம் மேலிருந்து சிறிது சிறிதாகவே கரைத்துண்ண வேண்டியிருப்பதால் வாயு ஒழுங்காக வரும். வெப்பநாட்டவருக்கு இது தக்க முறை.

மூடியிலே குழாயின் பருமனிலும் சற்றுச் சிறிய துளையிட்டு, குழாயின் நுனியைச் சரிவாக வெட்டித் துளையினுள் நுழைத்து மறுபுறமிருந்து இழுத்தால், பசையின்றியே இறுகப் பொருந்தும். சிலிக்கன் குழாயினூடே இவ்வாயு கசிந்துபோகும். மீன்கடையிலே காற்றுப் பம்பிக்கு விற்கும் சாதாரண பிளாஸ்ரிக் குழாய் மேலானது. குழாயை நேரே தொட்டிக்குக் கொண்டுசெல்லாமல், இடையிலே பாதி நீர் நிரப்பிய ஒரு சிறு போத்தலினூடே செலுத்த வேண்டும். பொங்கிவரும் நுரை அங்கே தங்கும். குமிழிகளை எண்ணி வேகத்தை அறியவும் உதவும். இதனை வீண்வேலையென்று விட்டவர் தொட்டியிலே, ஒரு நாள் சீனியும் மதுசாரமும் கலந்த நுரை வந்திறங்கும். அதனை உண்டு பெருகும் பற்றீரியாக்கள் நீரைப் பால்போல் வெளுக்கச் செய்து, பிராணவாயுவை உறிஞ்சிவிடும். மேலும், மதுவம் ஓய்ந்தபின் தொட்டிநீர் குழாய்வழியே பின்னோக்கி ஏறி, போத்தலை நிரப்பி நிலத்திலும் வழிவதுண்டு. ஒருவழி வால்வு ஒன்றைக் குழாயிற் பொருத்துவதோடு, போத்தலைத் தொட்டியின் நீர்மட்டத்துக்கு மேலே வைப்பதும் இதற்குக் காப்பு.

எக்காரணத்தாலும் செய்யத்தகாத செயலொன்றுண்டு. இரவில் வாயுவை நிறுத்தவெனப் போத்தலின் வழியை அடைக்கலாகாது. குழாயிலே திருகுபூட்டும் இடலாகாது. 50 லீற்றர் வாயுவைத் தன்னுள் வைத்திருக்கும் மதுவத்துக்கு இரண்டு லீற்றர்ப் போத்தல் எம்மாத்திரம்? வீட்டிலே இஞ்சிப்பானம் புளிக்கவைத்துப் போத்தல் வெடிக்கக் கண்டவர்கள் இதனை அறிவர். கண்ணாடிப் போத்தல் எவ்வகையிலும் உதவாது.

இனி, வந்த வாயுவை நீரிற் கரைக்கும் பணி. பெருங்குமிழிகளாக விட்டால் அவை நேரே மேலெழுந்து காற்றோடு கலந்துவிடும்; செடிக்குப் பயனில்லை. குழாயின் வாயை நீர்வடிகட்டியின் உறிஞ்சுமுனைக்கு அருகே வைத்தால், குமிழிகள் உள்ளிழுக்கப்பட்டுச் சிதறிக் கரையும். சிறு கண்ணாடிக் குவளையொன்றை நீருள் கவிழ்த்து அதன்கீழ் வாயுவைத் தேக்கிவைப்பதும் பழைய முறை; மெதுவாகக் கரையும், மீனுக்கும் ஆபத்துக் குறைவு. காற்றுப் பம்பியின் குமிழிகளும் செடிக்குக் கரியமிலவாயு தருமென்று நினைப்பது தவறு. அவை நீரின் மேற்பரப்பைக் கலக்கி, அரிதிற் சேர்த்த வாயுவை வெளியேற்றிவிடும். பகலில் இது நட்டம். இரவில் இதுவே காப்பாகும் என்பதைப் பின்னர்க் காணலாம்.

செடிக்கு உணவாகும் இவ்வாயு மீனுக்கு நஞ்சாகுமா? ஆகும். 60 லீற்றர்த் தொட்டியொன்றை எடுத்துக்கொள்வோம். லீற்றருக்கு 30 மில்லிகிராம் என்பது செடிவளர்ப்போர் நாடும் மேலெல்லை. அக்கணக்கிலே தொட்டி முழுவதிலும் இருக்கவேண்டிய வாயு இரண்டு கிராமுக்கும் குறைவு. அயலில் நிற்கும் போத்தலோ 100 கிராமைத் தரவல்லது. பெரும்பங்கு காற்றோடு போவதனாற்றான் மீன் பிழைக்கின்றது. புதிதாகக் கலந்த போத்தலில், இரண்டாம் மூன்றாம் நாட்களிலே மதுவம் பெருகி உச்சவேகத்தில் இயங்கும்பொழுது, இக்கணக்கு தவறிவிடக்கூடும்.

கரியமிலவாயு பிராணவாயுவை நீரிலிருந்து தள்ளிவிடுவதனால் மீன் இறக்கின்றது என்று கூறுவர். அவ்வாறன்று. இரண்டு வாயுக்களும் நீரில் ஒன்றையொன்று தடுக்காமலே கரையும். தீங்கு மீனின் குருதியிலே விளைகின்றது. மீன் தன் உடலிற் பிறந்த கரியமிலவாயுவைப் பூவினூடாக நீருக்குள் விடுகின்றது. நீரிலே அவ்வாயு ஏற்கனவே மிகுந்திருந்தால், உள்ளிருப்பது வெளியேற மாட்டாமல் குருதியிலே தேங்கிப் புளிப்பேற்றும். புளிப்பேறிய குருதி பிராணவாயுவைப் பற்றும் ஆற்றலை இழக்கும். டென்மார்க் நாட்டு அறிஞர் கிறிஸ்ரியன் போர் 1904ஆம் ஆண்டிலே வெளியிட்ட இவ்வியல்பு, மீன்கள் பலவற்றின் குருதியில் மிகக் கடுமையாக வெளிப்படுகின்றது. ஆகவே பிராணவாயு நிறைந்த நீரிலும் மீன் மூச்சுத்திணறி மடியலாம். செடிகள் முத்துமுத்தாகக் குமிழிவிட்டு நிற்கும் அழகைக் கண்டு வீட்டார் மகிழ்ந்திருக்கும் வேளையிலேயே, அச்செடிகளின் நடுவே மீன் மேலேறி வாய்திறந்து நிற்பது இதனாலேயே.

இரவு இன்னுங் கொடியது. விளக்கணைந்ததும் செடி வாயுவை உண்பதை நிறுத்துகின்றது. தானும் மீனைப்போலப் பிராணவாயுவை எடுத்துக் கரியமிலவாயுவை விடுகின்றது. மதுவத்துக்கோ இரவென்றும் பகலென்றும் இல்லை. விடியுமுன் உள்ள மணிநேரங்களில் ஒரு வாயு மிகுந்தும் மற்றையது குறைந்தும் நிற்கும். காலையிலே விளக்கேற்ற வருபவர் முதலிற் பார்க்கவேண்டியது செடியையன்று, மீனையே. மீன்கள் நீர்மட்டத்திலே கூடி விரைவாகப் பூவை அசைக்குமாயின், உடனே குழாயை வெளியே எடுத்து, நீரின் மேற்பரப்பைக் கலக்கி, ஒரு பகுதி நீரையும் மாற்ற வேண்டும். வேளையோடு செய்தால் பெரும்பாலும் தேறிவிடும். நாள்தோறும் விளக்கணைக்கும்பொழுதே குழாயின் முனையைத் தொட்டியிலிருந்து வெளியே எடுத்துவிடுவதும், அல்லது இரவு முழுதும் காற்றுப் பம்பியை இயங்கவிடுவதும் நல்ல வழக்கம். சிறுவர் தொட்டி வளர்க்கும் வீடுகளில் இப்பொறுப்பைப் பெரியவரொருவர் ஏற்பது நன்று.

அளவை அறிய ஒரு சிறு உபாயம் உண்டு. கடினம் நான்கு ஜெர்மன் பாகையாகத் தயாரித்த நீரிலே புரோமோதைமோல் நீலம் என்னும் நிறங்காட்டியைச் சில துளி விட்டு, அதனைச் சிறு கண்ணாடிக் குமிழொன்றில் ஊற்றித் தொட்டிநீருள் வாய்கீழாகத் தொங்கவிடுவர். இடையிலுள்ள சிறு காற்றிடையினூடாகத் தொட்டியின் கரியமிலவாயு உள்ளே செல்லும். நீலமாக நின்றால் வாயு குறைவு, பச்சையானால் அளவு, மஞ்சளானால் மீனுக்கு ஆபத்து. நிறம் மாறச் சில மணிநேரம் செல்லுமாதலின், இதனை நம்பி மீனைப் பாராமல் இருத்தல் கூடாது. குமிழுக்குள் தொட்டிநீரையே ஊற்றுவது பிழை. அதிலும், சுண்ணாம்புக்கல்லினூடே ஊறிவரும் யாழ்ப்பாணக் கிணற்றுநீர் மிகக் கடினமானது. எவ்வளவு வாயு கரைந்தாலும் அந்நீர் எளிதில் மஞ்சள் நிறங்காட்டாது. நிறத்தை நம்பி வாயுவைக் கூட்டிக்கொண்டே போனால் முடிவு துயரமாகும். ஐதரில்லா, வலிஸ்நேரியா முதலிய செடிகள் இத்தகைய கடின நீரிலே கரைந்திருக்கும் இருகாபனேற்றிலிருந்தே தமக்குவேண்டிய கரியைப் பிரித்தெடுக்க வல்லவை. அவற்றின் இலைமேல் வெண்மையாகச் சுண்ணம் படிவது அதன் அடையாளம். அவற்றை வளர்க்கும் வடபகுதியார் போத்தலுக்குச் செலவிடவேண்டியதில்லை.

போத்தல் முறையின் பெருங்குறை அதன் ஒழுங்கின்மை. முதல் நாள் ஒன்றுமில்லை, மூன்றாம் நாள் வெள்ளம், பத்தாம் நாள் வறட்சி. வாயு இவ்வாறு ஏறியிறங்கும் தொட்டிகளிலே, தாடிபோலத் தொங்கும் கரும்பாசி மிகுதியும் காணப்படும். ஒழுங்கில்லாத வாயுவிலும் வாயுவில்லாமை மேல் என்று அனுபவமுடையோர் கூறுவது ஏற்கத்தக்கதே. இரண்டு போத்தல்களை ஒரே குழாயிற் பொருத்தி, இவ்வாரம் ஒன்றையும் அடுத்த வாரம் மற்றையதையும் புதுப்பித்துவந்தால், ஒன்று தளரும்பொழுது மற்றது எழும். ஏற்ற இறக்கம் பெரிதுங் குறையும். போத்தலின் அளவை அதற்கேற்பப் பாதியாக்குதலும் வேண்டும். இம்முறை சிறிய தொட்டிகளுக்கே உரியது. 100 லீற்றருக்கு மேற்பட்ட தொட்டிக்குப் போத்தல்களை அடுக்கிக்கொண்டிருப்பது வீண் பாடு.

இன்னுமொன்று. உலகெங்கும் தொட்டி வளர்ப்போர் விரும்பி வாங்கும் கிரிப்டோகோரின் என்னும் செடியினத்திலே பல வகைகள் இலங்கையின் ஈரவலய ஓடைகளுக்கே உரியவை. வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. வெண்ட், பெக்கற் என்போரின் பெயர்தாங்கிய வகைகள் இன்று எந்நாட்டு மீன்கடையிலும் உண்டு. அவ்வினத்திலே மிகச் சிறியதான பார்வா என்னும் வகையும் இந்நாட்டதே. வேறு சில வகைகள் தம் தாயகத்திலேயே அருகி அழிவை எதிர்நோக்குகின்றன; ஆதலின் ஓடையிலிருந்து பிடுங்காது, பண்ணையிற் பெருக்கியதையே வாங்க வேண்டும். மரநிழலிலே மெதுவாக வளர்ந்து பழகிய இச்செடிகளுக்கு மங்கிய வெளிச்சமும் சத்துள்ள அடிமண்ணும் போதும். சீனிப் போத்தல் இன்றியமையாததன்று. ஆயினும் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு மாற்றினால், சில நாட்களில் இலையெல்லாம் கூழாகக் கரைந்து விழும். செடி செத்ததென்று எண்ணிப் பலர் எறிந்துவிடுகின்றனர். சிலர் பதறிப் போத்தல் கலக்கத் தொடங்குகின்றனர். இரண்டும் வேண்டா. அழுகிய இலையை மாத்திரம் அகற்றிவிட்டு வேரை அசையாது விட்டுவைத்தால், சில வாரங்களிலே மணலுக்கு மேலே புதிய குருத்து தலைகாட்டும்.